இலவச ஆன்லைன் கோர்ஸ் மூலம் புரோகிராமிங் மொழியை நீங்களே கற்றுக்கொள்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

வீடியோ ஓடும்போது எல்லாம் புரிகிறது. ஆசிரியர் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் தலை ஆடுகிறது. அதை நிறுத்திவிட்டு வெற்று ஃபைல் ஒன்றைத் திறந்தால் முதல் வரி எதுவென்றே தெரிவதில்லை. சொந்தமாகக் கோடிங் கற்க வந்தவர்கள் பலர் விட்டுவிட்டுப் போகும் இடம் இதுதான். ‘இது நமக்கு வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கோடைப் பார்த்துப் புரிந்துகொள்வது ஒரு திறமை, கோட் எழுதுவது வேறொரு திறமை. முதலாவதை மட்டும் பழகிவிட்டு இரண்டாவது வரவில்லையே என்று கவலைப்படுவதில் பொருளில்லை. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த இரண்டாவது திறமையைக் குறிவைத்தது.

எடுத்துக்காட்டுகளுக்குப் பைத்தானை எடுத்துக்கொண்டிருக்கிறோம். முறை எல்லா மொழிக்கும் பொது.

படி 1: மொழியை முடிவு செய்யுங்கள்

இதற்கு ஒரு மாலை நேரம் போதும். வெப்சைட் செய்ய வேண்டுமென்றால் ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கூடவே ஜாவாஸ்கிரிப்ட். ஆண்ட்ராய்டு ஆப் என்றால் கோட்லின், ஐஃபோன் என்றால் ஸ்விஃப்ட். கல்லூரிப் பாடத்தில் சி அல்லது ஜாவா இருந்தால் அதையே எடுங்கள். குறிப்பிட்ட நோக்கம் எதுவும் இல்லை, அல்லது டேட்டா, அன்றாட வேலைகளைத் தானியங்கியாக்குவது போன்றவற்றில் ஆர்வம் என்றால் பைத்தான். மாறி (ஒரு மதிப்புக்கு வைக்கும் பெயர்), நிபந்தனை, லூப் (திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது), ஃபங்ஷன் (பெயர் சூட்டிய கோட் துண்டு), லிஸ்ட் (மதிப்புகளின் வரிசை) என்ற ஐந்தும் ஒரு மொழியில் கைவந்துவிட்டால் அடுத்த மொழியில் அவற்றின் எழுத்துமுறையைத்தான் புதிதாகப் பழக வேண்டியிருக்கும். ஆகவே தவறான மொழியைத் தேர்ந்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம்.

பைத்தானில் ஒரு எச்சரிக்கை உண்டு. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது. பாடத்தில் ‘பிரிண்ட்’ என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் அது பழைய பாடம். மூடிவிடுங்கள்.

படி 2: ஒரே ஒரு கோர்ஸைத் தேர்ந்தெடுங்கள்

ஆசிரியரின் பேச்சு, வீடியோவின் தரம், பார்த்தவர்கள் எண்ணிக்கை ஆகியவற்றையெல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் கேட்க வேண்டியது, நான் எழுதும் கோடை இந்தக் கோர்ஸ் சரிபார்த்துச் சொல்லுமா என்பதுதான். தனியாகப் படிப்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருத்த ஆளில்லை. அந்த வேலையைத் தானியங்கிச் சோதனை செய்ய வேண்டும். அது இல்லாத 12 மணி நேர வீடியோவைவிட, அது உள்ள சாதாரண எழுத்துப் பாடம் பல மடங்கு பயன் தரும்.

இந்த அளவுகோலில் தேறுபவை சில:

ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் பைத்தான் மூக் (யாரும் சேரக்கூடிய ஆன்லைன் கோர்ஸ்), 14 பகுதிகள் கொண்டது. முதல் 7 பகுதிகள் அடிப்படை, அடுத்த 7 மேல்நிலை. பெரும்பாலும் எழுத்துப் பாடம். ஒவ்வொரு சிறு கருத்துக்கும் பின்னால் சோதிக்கப்படும் பயிற்சிகள் வரிசையாக வரும். தொடக்கத்தில் பக்கத்திலேயே எழுதலாம், பிறகு எடிட்டருக்கு, அதாவது கோட் எழுதும் மென்பொருளுக்கு, மாற்றுவார்கள். தனியாகப் படிப்பவருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான்.

ஹார்வர்டின் சிஎஸ்50பி, டேவிட் மாலன் நடத்துவது. விரிவுரை அருமையாக இருக்கும், ஆனால் பயிற்சிகள் விரிவுரையைவிட ஒரு படி கடினம். அந்த இடைவெளியைக் கண்டு மிரள வேண்டாம், அது வேண்டுமென்றே வைக்கப்பட்டது. இதன் அண்ணன் சிஎஸ்50எக்ஸ், கட்டங்களை இழுத்து ஒட்டி நிரல் செய்யும் ஸ்கிராட்சில் தொடங்கி சி மொழிக்குப் போகும். கணினி அறிவியலையே அடியிலிருந்து பிடிக்க விரும்புபவருக்கு அது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் செவரன்ஸ் நடத்தும் ‘பைத்தான் ஃபார் எவ்ரிபடி’ நிதானமான நடை. கணிதத்தைக் கண்டு தயங்குபவருக்கு ஏற்றது. வெப் பக்கம் போகிறவர்களுக்கு 2014-ல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப், அல்லது தி ஓடின் புராஜெக்ட். பின்னது சொந்தக் கணினியிலேயே எல்லாவற்றையும் அமைக்கச் சொல்லும். தொடக்கம் கடினம், ஆனால் வேலைச்சூழலுக்கு அதுதான் நெருக்கம்.

இலவசம் என்ற சொல்லையும் உரசிப் பாருங்கள். கோர்செரா, எடெக்ஸ் போன்ற தளங்களில் சில கோர்ஸ்களின் வீடியோவைப் பணம் கட்டாமல் பார்க்கலாம். ஆனால் திருத்தப்படும் பயிற்சிகள் கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டும் என்றிருக்கலாம், பார்ப்பதற்கே காலவரம்பும் இருக்கலாம். அப்படியானால் நமக்கு முக்கியமான பகுதியே பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். 7 நாள் இலவசம் என்று கார்டு எண் கேட்கும் தளங்களுக்கு இந்த வழிகாட்டியில் இடமில்லை.

இரண்டு கோர்ஸ்களின் முதல் பாடத்தை அரைமணி நேரம் வீதம் செய்து பாருங்கள். எதில் அதிகம் டைப் செய்தீர்களோ அதை எடுங்கள். இன்னொன்றின் டேபை மூடிவிடுங்கள். மூன்றாம் வாரம் பாடம் கடினமாகும்போது ‘வேறு கோர்ஸ் நல்லா இருக்குமோ’ என்ற எண்ணம் கட்டாயம் வரும். கடினம் கோர்ஸில் இல்லை, லூப்பிலும் ஃபங்ஷனிலும் இருக்கிறது. மாறிப் போனால் மறுபடி முதல் பாடத்தில் மாறி என்றால் என்ன என்பதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், தடுக்கிய இடம் அப்படியே காத்திருக்கும்.

படி 3: கணினியைத் தயார் செய்யுங்கள்

முதல் மாதத்துக்குத் தானி என்ற எடிட்டர் போதும். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலையினருக்காகவே உருவாக்கப்பட்டது, இலவசம். பைத்தானும் அதனுள்ளேயே வந்துவிடுகிறது, தனியாக நிறுவ வேண்டியதில்லை. கோடை ஒவ்வொரு அடியாக ஓடவிட்டு எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று பக்கத்திலேயே பார்க்கலாம். விஎஸ் கோட் நல்ல கருவி என்றாலும் முதல் வாரத்துக்கு அதில் பட்டன்கள் அதிகம்.

பைத்தானைத் தனியாக விண்டோஸில் நிறுவினால், முதல் திரையின் அடியில் ‘பாத்’தில் (நிரல்களைக் கணினி தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். அதை விட்டுவிட்டால் டெர்மினலில் (கட்டளைகளை டைப் செய்யும் திரை) பைத்தான் என்று அடிக்கும்போது கட்டளை தெரியாது என்று வரும், அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். ஃபைலின் பின்னொட்டை மறைக்கும் விண்டோஸ் அமைப்பையும் மாற்றிவிடுங்கள். நோட்பேடில் சேமித்த கோட் ஃபைலின் வாலில் ‘டாட் டிஎக்ஸ்டி’ ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் நிற்பது அடிக்கடி நடப்பது.

கையில் செல்போன் மட்டும்தான் என்றால் கூகுள் கோலாப் பிரவுசரிலேயே பைத்தானை ஓட்டும். தொடுதிரையில் அடைப்புக்குறி தேடுவது பொறுமையைச் சோதிக்கும். ஒரு புளூடூத் கீபோர்டு இருந்தால் பாதிச் சிரமம் குறையும்.

படி 4: ஒரு பாடத்தை எடுக்கும் முறை

நாளுக்கு ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட இது மேல். இடையில் தூங்கி எழுவதும் மறந்து நினைவுபடுத்துவதும் கற்றலின் பகுதிதான்.

முதல் 10 நிமிடம் நேற்றைய பயிற்சி ஒன்றை எதையும் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். 2006-ல் ரோடிகரும் கார்ப்பிக்கியும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நல்ல ஆதாரம். ஒரு பகுதியை மறுபடி படித்த மாணவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். வீடியோவைத் திரும்பப் பார்த்ததும் ‘எல்லாம் தெரிகிறது’ என்று தோன்றுவது அந்த 5 நிமிடத் தெம்புதான்.

அடுத்த 15 நிமிடம் புதிய பாடம். எடுத்துக்காட்டுக் கோட் வந்ததும் வீடியோவை நிறுத்தி, விடை என்ன வரும் என்று தாளில் எழுதிவிட்டு மேலே ஓடவிடுங்கள். மனதுக்குள் நினைத்தால் போதாது, எழுத வேண்டும். எழுதியது தவறாகிப்போனால்தான் எதைப் புரிந்துகொள்ளவில்லை என்று தெரியும். இதைப் பாருங்கள்:

அ = 5
ஆ = அ
அ = 9

இப்போது ‘ஆ’வின் மதிப்பு என்ன? 9 என்று எழுதியிருந்தால், சமக்குறியைக் கணிதச் சமன்பாடு போலப் படிக்கிறீர்கள். பைத்தானில் அது ‘வலப்பக்கத்தை இப்போதே கணக்கிட்டு, அந்த மதிப்புக்கு இடப்பக்கப் பெயரை வை’ என்ற கட்டளை. விடை 5. (பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை மாறிகளாக ஏற்கும், ஆகவே மேலுள்ள மூன்று வரிகளை அப்படியே ஓட்டலாம். மற்றவர்கள் படிக்கப்போகும் கோடில் ஆங்கிலப் பெயர் வைப்பதே வழக்கம்.)

மீதி 35 நிமிடமும் பயிற்சி. எடுத்துக்காட்டைக் காப்பி பேஸ்ட் செய்யாதீர்கள், விரலால் அடியுங்கள். விட்டுப்போன முக்காற்புள்ளி கொடுக்கும் எர்ரரும் பாடம்தான். ஓடியதும் வேண்டுமென்றே உடையுங்கள். எண்ணை மாற்றுங்கள், ஒரு வரியை நீக்குங்கள், இரண்டு வரிகளை இடம் மாற்றுங்கள். என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஓட்டுங்கள்.

படி 5: எர்ரரைப் படிக்கப் பழகுங்கள்

சிவப்பு எழுத்தைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு கோடை மாற்றத் தொடங்குவது புதியவர்களின் இயல்பு. பைத்தான் தரும் எர்ரர் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். கடைசி வரி என்ன தவறு என்று சொல்லும். அதற்கு மேலே எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்று இருக்கும்.

நேம் எர்ரர் என்றால் அப்படியொரு பெயர் அதற்குத் தெரியாது: எழுத்துப்பிழை, அல்லது உருவாக்கும் முன்பே பயன்படுத்தியிருக்கிறீர்கள். டைப் எர்ரர் என்றால் எண்ணையும் எழுத்தையும் கூட்டுவது போல ஒட்டாத இரண்டைச் சேர்த்திருக்கிறீர்கள். இண்டெண்டேஷன் எர்ரர் என்றால் வரியின் முன்னிடம் சரியில்லை. எங்கும் 4 ஸ்பேஸ் என்று வைத்துக்கொண்டு டேபைக் கலக்காமல் இருந்தால் பாதி வராது. சின்டாக்ஸ் எர்ரரில் மட்டும் காட்டப்படும் வரிக்கு முந்தைய வரியையும் பாருங்கள். அங்கே மூடாமல் விட்ட அடைப்புக்குறியைப் பைத்தான் அடுத்த வரியில்தான் உணர்ந்திருக்கக்கூடும். 3.10 பதிப்பிலிருந்து இந்தச் செய்திகள் நன்றாகத் தெளிந்திருக்கின்றன, பழைய பதிப்பு வைத்திருந்தால் புதுப்பித்துவிடுங்கள்.

எர்ரரே வராமல் தவறான விடை வருவதுதான் கடினமான வகை. சந்தேகப்படும் இடத்துக்கு முன்னும் பின்னும் மாறியின் மதிப்பைப் பிரிண்ட் செய்து பாருங்கள். அல்லது ஃபிலிப் குவோ உருவாக்கிய பைத்தான் டியூட்டர் தளத்தில் கோடை ஒட்டினால் ஒவ்வொரு வரிக்கும் நினைவகத்தில் என்ன நடக்கிறது என்பதைப் படமாக வரைந்து காட்டும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள்

கோர்ஸ் எதுவானாலும் இவற்றில் ஒன்றாவது ஒரு மாலையை விழுங்கும்.

பயனரிடம் ‘இன்புட்’ வழியாக வாங்குவது எப்போதும் எழுத்துச் சரம்தான். 5-ம் 5-ம் கொடுத்துக் கூட்டினால் 55 வரும். ‘இன்ட்’ கொண்டு எண்ணாக மாற்றிய பிறகே கூட்ட வேண்டும்.

‘ரேஞ்ச்’ 1 முதல் 10 என்று கொடுத்தால் 9-உடன் நின்றுவிடும். லிஸ்டின் முதல் உறுப்பின் எண் 0.

0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பைத்தானின் பிழை இல்லை இது. கணினி பின்னங்களை இரும எண்ணில் வைத்திருக்கிறது; பதின்மத்தில் மூன்றில் ஒன்று முடிவில்லாமல் போவது போல, இருமத்தில் 0.1 முடிவதில்லை. பணக் கணக்கு எழுதுபவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபைலுக்கு ‘ரேண்டம்’ என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே ரேண்டம் நூலகத்தை (பைத்தானுடன் வரும் ஆயத்தக் கோட் தொகுப்பு) அழைத்தால், பைத்தான் உங்கள் ஃபைலையே நூலகம் என்று எடுத்துக்கொள்ளும். கோட் சரியாகவே இருக்கும், ஆனால் ஓடாது. நூலகத்தின் பெயரை ஃபைலுக்கு வைக்காதீர்கள்.

லிஸ்ட் விஷயத்தை நிதானமாகப் பாருங்கள்:

அ = [1, 2, 3]
ஆ = அ
ஆ += [4]

‘அ’வைப் பார்த்தால் அதிலும் 4 சேர்ந்திருக்கும். இரண்டாவது வரி லிஸ்டை நகலெடுக்கவில்லை. ஒரே லிஸ்டுக்கு இரண்டாவது பெயர் சூட்டியது, அவ்வளவுதான். மூன்றாவது வரியை ஆ = ஆ + [4] என்று மாற்றிப் பாருங்கள். புது லிஸ்ட் உருவாகும், ‘அ’ தப்பிக்கும். இந்த இரண்டு வரிகளின் வித்தியாசம் விளங்கும்வரை அடுத்த பாடத்துக்குப் போக வேண்டாம். பின்னால் ஃபங்ஷனுக்கு லிஸ்டைக் கொடுக்கும்போது இதே சிக்கல் முகம் மாறி வரும்.

தமிழ் எழுத்தோடு வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என யூனிகோடில் ஐந்து குறியீடுகள். எழுத்துகளைத் தலைகீழாக்கும் பயிற்சியைத் தமிழ்ச் சொல்லில் செய்தால் குறிகள் இடம்மாறிச் சொல் சிதையும். ஃபைலைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று குறியாக்கத்தைச் சொல்லிவிடுங்கள். பல விண்டோஸ் கணினிகளில் அதைச் சொல்லாவிட்டால் தமிழ் எழுத்து உடைந்து வரும் அல்லது எர்ரர் வரும்.

படி 6: சிக்கிக்கொண்டால்

20 நிமிடம் நீங்களே போராடுங்கள். அதற்குமுன் விடை தேடினால் பயிற்சி வீண்; ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் சலிப்புதான் மிஞ்சும். அந்த 20 நிமிடத்தில் கணக்கைக் கையால் தாளில் செய்து பாருங்கள். கையால் செய்யத் தெரியாததைக் கோடாக எழுத முடியாது. பிறகு எர்ரரின் கடைசி வரியை அப்படியே தேடுங்கள். யாரிடமாவது கேட்பதென்றால் ஓடக்கூடிய குறைந்தபட்சக் கோட், எதிர்பார்த்த விடை, வந்த விடை, முயன்று பார்த்தவை ஆகியவற்றைச் சேர்த்துக் கேளுங்கள். இவற்றை ஒழுங்காக எழுதும்போதே தவறு பாதி நேரம் கண்ணில் பட்டுவிடும்.

ஏஐ சாட்பாட்டைப் பயன்படுத்தலாமா? பயிற்சியை ஒட்டி விடை வாங்கினால் சோதனை பச்சை காட்டும், நீங்கள் எதையும் கற்றிருக்க மாட்டீர்கள். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: ‘திருத்திய கோடைத் தராதே. என் கோடில் எந்த வரியில் என் புரிதல் தவறு என்று மட்டும் ஒரு குறிப்புக் கொடு.’ முதல் மூன்று மாதம் எடிட்டரில் தானாக வரி நிரப்பும் ஏஐ வசதியை அணைத்தே வையுங்கள். இதில் நாங்கள் கறாராகவே இருக்கிறோம். நீங்கள் யோசிக்க வேண்டிய அந்த ஐந்து வினாடியைத்தான் அது எடுத்துக்கொள்கிறது.

படி 7: கோர்ஸின் பாதியிலேயே சொந்த வேலை ஒன்றைத் தொடங்குங்கள்

கோர்ஸை முடித்த பிறகு புராஜெக்ட் என்று தள்ளிவைக்க வேண்டாம். லூப், லிஸ்ட், ஃபங்ஷன் மூன்றும் வந்ததுமே தொடங்கலாம். செலவுக் கணக்கு எழுதும் சிறு நிரல் நல்ல அளவு. அதை இப்படி வளர்த்தெடுங்கள்.

முதல் பதிப்பில் லிஸ்டில் நீங்களே மூன்று எண்களை எழுதி மொத்தம் காட்டினால் போதும், பத்து வரிகூட வராது. இரண்டாவதில் பயனரிடம் தொகை கேட்டு, வெறும் என்டர் அடிக்கும்வரை வாங்க வேண்டும். மூன்றாவதில் தொகையோடு எதற்கான செலவு என்பதையும் வாங்கி, கட்டங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி ஃபைலில் சேமியுங்கள். நான்காவதில் டிக்ஷனரி (ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மதிப்பை வைக்கும் அமைப்பு) கொண்டு வகைவாரியாக மொத்தம். ஐந்தாவதில் எண்ணுக்குப் பதில் எழுத்தை அடித்தால் நிரல் விழாமல் மறுபடி கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிப்பும் ஓடிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

மூன்றாவது பதிப்பில்தான் அடி விழும். ஃபைலை ‘டபிள்யூ’ முறையில் திறந்தால் பழைய பதிவெல்லாம் அழிந்துவிடும். கடைசியில் சேர்க்க ‘ஏ’ முறை வேண்டும். வரியைக் காற்புள்ளியில் நீங்களே வெட்டினால் ‘பால், தயிர்’ என்ற குறிப்பு இரண்டு கட்டமாகிவிடும்; பைத்தானுடன் வரும் சிஎஸ்வி நூலகம் அதைப் பார்த்துக்கொள்ளும். விண்டோஸில் வரிக்கு வரி வெற்று வரி விழுந்தால், திறக்கும்போது ‘நியூலைன்’ என்பதற்கு வெற்றுச் சரம் கொடுக்க மறந்திருக்கிறீர்கள். எக்செல்லில் தமிழ் உடைந்து தெரிந்தால் குறியாக்கத்தை ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று கொடுத்து ஃபைலைப் புதிதாக எழுதுங்கள்.

இந்தக் கட்டத்தில் கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட் பழகிக்கொள்ளுங்கள். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கியது. ஓடும் நிலையை ஒவ்வொரு தடவையும் பதிந்துவைத்தால் கெடுத்த பிறகு பழைய நிலைக்குத் திரும்பலாம். இப்போதைக்கு ஆட், கமிட், புஷ் என்ற மூன்று கட்டளை போதும்.

பயிற்சி இன்னும் வேண்டுமென்றால் எக்ஸர்சிசம் தளம் இலவசம். கணக்கு பிடிக்குமென்றால் புராஜெக்ட் ஆய்லர். அதன் முதல் கேள்வி 1000-க்குக் கீழ் 3 அல்லது 5-ன் மடங்குகளின் கூட்டுத்தொகை. 15-ஐ இரண்டு தடவை கூட்டிவிட்டால் விடை தவறும், சரியான விடை 233168.

சான்றிதழைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிஎஸ்50பி, ஃப்ரீகோட்கேம்ப் இரண்டும் பயிற்சிகளை முடித்தவர்களுக்கு இலவசமாகவே சான்றிதழ் தருகின்றன. வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணச் சான்றிதழுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. கிட்டில் பதிந்த கோடை ஏற்றிவைக்கும் தளமான கிட்ஹப்பில் இருக்கும் உங்கள் செலவுக் கணக்கைத் திறந்து ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று விளக்கத் தெரிந்தால் அது அதிகம் பேசும்.

இடைவெளி விழுந்துவிட்டால்

தேர்வு, வேலை, உடம்பு சரியில்லை என்று மூன்று வாரம் போய்விடும். திரும்பி வரும்போது முதல் பாடத்திலிருந்து தொடங்க வேண்டாம். கடைசியாகச் சோதனையில் தேறிய பயிற்சியைத் திறந்து, விடையை அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். வரவில்லை என்றால் அதற்கு முந்தையது. அதுவும் வரவில்லை என்றால் இன்னும் ஒன்று பின்னால். எங்கே எழுத வருகிறதோ அங்கிருந்து முன்னே நடங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று பயிற்சிக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்காது.